பிடிக்க வேண்டியவர் நின்ற இடம்

ஹூஸ்டனில் ஹில்கிராஃப்ட் பகுதியில் நான் காலமெல்லாம் வேலை பார்த்த கிளினிக்கில் போன மாதம் எல்லாருக்கும் டேப்லெட் கொடுத்துவிட்டார்கள். ஒரு நோயாளியைப் பற்றி ஒருவர் ஒரு வரி தட்டினால் போதும், சம்பந்தப்பட்ட எல்லாருடைய போனிலும் அது 'டிங்' என்று போய் விழுகிறதாம். பார்த்துவிட்டேன் என்று அழுத்துகிற வரைக்கும் விடாமல் டிங், டிங். ஓய்வு பெற்ற பிறகும் வாரம் ஒரு தடவை மதியச் சாப்பாட்டுக்கு அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. என் பழைய அறையில் இப்போது வேலை பார்க்கும் கீர்த்தனா, தக்காளி சாதத்தை மென்றுகொண்டே கேட்டாள்.

"ஆன்ட்டி, இதெல்லாம் இல்லாதப்ப நீங்க எப்படி இன்ஃபார்ம் பண்ணுவீங்க?"

"வாயாலதான்."

"மறந்துட்டா?"

சாதம் நல்லாயிருக்கு என்று பேச்சை மாற்றிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். கேட்டியில் இருக்கும் வீட்டுக்கு வண்டி ஓட்டிக்கொண்டு வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வி விடவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் ஒரே ஒரு தடவை மறந்தேன். டோக்கியோவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நான் சொல்லாமல் விட்ட ஒரு வரியால் ஒரு மனிதரின் கழுத்து போகப் பார்த்தது. இன்னொரு மனிதர் அந்தப் பழியைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டு நின்றார்.

என் படிப்பு, பரீட்சைக் கதையையெல்லாம் நீட்ட மாட்டேன். நான் பெருந்துறைக்காரி. கோயம்புத்தூரில் பிசியோதெரபி படித்தேன். கல்யாணம், ஹூஸ்டன், சர்டிபிகேட்டுக்காக ஒரு வருஷ அலைச்சல், லைசென்ஸ் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டை விட்டு மூன்றாவது தடவை பாஸ். ஒரு புடவைக் கடைக்கும் ஒரு ஸ்வீட் ஸ்டாலுக்கும் நடுவில் இருந்த கிளினிக்கில் வேலை கிடைத்தது. அதை நடத்தியவர் டாக்டர் எலேனா. மெக்ஸிகோவிலிருந்து வந்த குடும்பம். குள்ளமான உருவம், குரலை உயர்த்தவே மாட்டார். அவர் கோபமாக இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள, கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறாரா என்று பார்க்க வேண்டும். துடைத்தால் தொலைந்தோம்.

ஹூஸ்டனில் இருந்த ஒரு மெக்ஸிகோ மல்யுத்தக் குழுவுக்கு அவர்தான் டாக்டர். லூச்சா லிப்ரே என்பார்கள். முகமூடி போட்டுக்கொண்டு கயிற்றின் மேல் ஏறி, காற்றில் புரண்டு, எதிராளி மேல் போய் விழும் ஆட்டம். நான் வேலையில் சேர்ந்த இரண்டாவது மாதம், ஞாயிற்றுக்கிழமை சும்மாதானே இருக்கிறாய், வா என்று கூட்டிப் போனார். அதற்கப்புறம் என் ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குச் சொந்தமாக இருக்கவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

பொய்ச் சண்டைதானே என்று நம்மவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். யார் ஜெயிப்பது என்பதை முன்கூட்டியே பேசி வைக்கலாம். கீழே விழுவதைப் பேசி வைக்க முடியுமா? பத்தடி உயரத்திலிருந்து ஒருவன் குதிக்கும்போது, மெதுவாக வாங்கிக்கொள் என்று ரிங்கின் தரைப் பலகையிடமா சொல்லி வைக்க முடியும்? குதிக்கிறவனின் கழுத்தைக் காப்பாற்றுவது எதிராளிதான். சரியான இடத்தில் நின்று, கைகளை விரித்து, தன் மார்பில் அவனை வாங்கிக்கொள்ள வேண்டும். அடிப்பது போலத் தெரியும், ஆனால் அங்கே நடப்பது பிடிப்பது. இதைப் புரிந்துகொள்ள எனக்கே ஒரு வருஷம் ஆயிற்று.

எலேனா வேலை செய்யும் அழகைச் சொல்ல வேண்டும். ரிங்குக்குள் ஒருவர் விழுந்து எழாமல் கிடந்தால் அவர் ஓடவே மாட்டார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, சந்தைக்குப் போகிறவர் மாதிரி நடந்து போவார். டாக்டர் ஓடி வருவதைப் பார்த்தால் அடிபட்டவன் பயந்து எழுந்திருக்கப் பார்ப்பான், கழுத்தில் அடிபட்டவன் அசையவே கூடாது என்பது அவர் கணக்கு. கைகளைக் கோத்துக்கொள்வது எதற்கென்றால், கண் பார்த்து முடிப்பதற்குள் கை தொட்டுவிடக் கூடாது. அப்புறம் அடிபட்டவர் தலையைத் திருப்பாமலே பார்க்கும்படி நேர் எதிரில் குனிவார். மற்ற டாக்டர்கள் உன் பெயர் என்ன என்று கேட்பார்கள். இவர் கேட்க மாட்டார். முகமூடி வீரரிடம் பத்துப் பேர் காதுபடப் பெயர் கேட்கலாமா? "இன்னிக்கு என்ன கலர் பூட்ஸ் போட்டிருக்கே?" என்பார். பிறகு, "இது எத்தனையாவது ஆட்டம்?" மூன்றாவதாகத் தன் இரண்டு விரல்களை அவருடைய இரண்டு கைகளிலும் கொடுத்து, ஒரே நேரத்தில் அழுத்தச் சொல்வார். எந்தக் கை வலுவிழந்திருக்கிறது என்று அதில் தெரிந்துவிடும்.

ஆட்டத்துக்கு முன்னால் ஒவ்வொரு முகமூடியையும் வாங்கி டார்ச் அடித்துப் பார்ப்பார். கண்ணுக்கு மேல் தைத்திருக்கும் வலைத்துணி வழியாகக் கருவிழி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வேறு முகமூடி போடு என்பார். கழற்று என்று மட்டும் சொல்ல மாட்டார். ஏனென்றால் அந்த முகமூடிதான் அவர்களுக்குப் பெயர், மானம், எல்லாம். அதையே பந்தயம் கட்டிய ஆட்டத்தில் தோற்றாலொழிய மக்கள் முன்னால் அது முகத்தை விட்டு இறங்கக் கூடாது. எதிராளி பிடித்து இழுத்துக் கழற்றினால் இழுத்தவன் தோற்றவனாகிவிடுவான்.

இன்னொரு விஷயம், இந்தக் கதையே அதில்தான் இருக்கிறது. மற்ற நாடுகளில் மல்யுத்தக்காரர்கள் எதிராளியின் இடது கையை, இடது காலைத்தான் பிடிப்பார்கள். மெக்ஸிகோ ஆட்டத்தில் வலது. குதிப்பது, திரும்புவது, வாங்கிக்கொள்வது எல்லாமே அதற்கேற்ப மாறும். ஆகவே எலேனா ஒரு விதி வைத்திருந்தார். ஒரு வீரரிடம் இந்தப் பக்கம் வலிக்கிறது, இன்றைக்குப் பக்கம் மாற்றி ஆடு என்று நாங்கள் சொன்னால், அதே நிமிஷம் எதிராளி காதிலும் ரெஃப்ரி காதிலும் போட்டுவிட வேண்டும். வீரர்களே சொல்லிக்கொள்வார்கள் என்று விட முடியாது. ரூடோ என்கிற கெட்டவர் அணிக்கு ஓர் அறை, நல்லவர் அணிக்கு ஓர் அறை. ஆட்டத்துக்கு முன் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க மாட்டார்கள், அது வழக்கம். இரண்டு அறைக்கும் நடுவில் நடமாடுகிறவர்கள் வைத்தியம் பார்க்கும் நாங்கள்தான். நான் அதற்கு 'மூன்று காது' என்று பெயர் வைத்திருந்தேன். பல வருஷம் ஒரு தடவைகூட அதில் நான் தவறியதில்லை.

ரூடோக்களில் ஒருவர் எல் கோமெஹென். ஸ்பானிஷில் கரையான் என்று அர்த்தம். நான் அவரைத் தமிழிலேயே கரையான் என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு அந்த ஒலி பிடித்துப்போய்விட்டது. மண் நிற முகமூடி, நெற்றியில் பூச்சிக்கு இருப்பது போல இரண்டு மீசை தைத்திருக்கும். மேடையில் ஏறினால், பார்க்க வந்த கிழவிகள் எழுந்து நின்று சாபம் கொடுக்கும் அளவுக்கு அயோக்கியன். கீழே இறங்கினால் இப்படி ஒரு தங்கமான மனுஷனைப் பார்க்க முடியாது. கழுத்து வலிக்கு கிளினிக்குக்கு வரும்போதும் முகமூடியோடுதான் வருவார், பின்வாசல் வழியாக. முதல் தடவை பக்கத்துப் புடவைக் கடைக்கார அம்மா அவரைப் பார்த்துவிட்டு, கொள்ளைக்காரன் என்று அலறிக் கடைக் கதவைப் பூட்டிவிட்டார். அடுத்த வாரம் கரையான் அந்த அம்மாவுக்கு வீட்டில் செய்த தமாலே, அவர்கள் ஊர்ச் சோளமாவுக் கொழுக்கட்டை, கொண்டுவந்து கொடுத்து மன்னிப்புக் கேட்டார். அப்போதும் முகமூடியோடுதான்.

டோக்கியோவில் ஒரு குழு, முழுக்க முழுக்க மெக்ஸிகோ முறையில் ஒரு ஷோ நடத்த ஆசைப்பட்டு எங்கள் குழுவை அழைத்தது. வீரர்களோடு எலேனாவும் நானும் போனோம். எங்கள் குடும்ப நண்பர் மகன் ஜமால் அங்கே ஐ.டி. வேலையில் இருந்தான். சென்னைப் பையன், முப்பத்தைந்து வயசு. ஏர்போர்ட்டுக்கு வந்தவன் என் பெட்டியைக்கூட வாங்கவில்லை. "ஆன்ட்டி, டிக்கெட் இருக்குல்ல? ரிங்சைடா?" என்றான். அவன் பைத்தியம் அப்படி.

அந்த ஹாலையும் அந்த ஜனங்களையும் நினைத்தால் இப்போதும் எனக்கு மெய்சிலிர்க்கிறது. எங்கள் ஊர் ஷோவில் குழந்தை அழும், பீர் கொட்டும், ரெஃப்ரியின் அம்மாவை இழுத்துத் திட்டுவார்கள். இங்கே வீரரின் பெயரைச் சொன்னதும் நாலு பக்கமிருந்தும் வண்ணக் காகிதச் சுருள்கள் பறந்து வந்து ரிங்கில் விழுந்தன. ஒரே நிமிஷத்தில் அவற்றைச் சுருட்டி எடுத்துவிட்டார்கள், ஒரு துண்டு மிச்சமில்லை. அப்புறம் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. ஒரு பிடி பிடித்தால், அது எவ்வளவு கஷ்டமான பிடி என்று தெரிந்து 'ஓ' என்று ஒரு மூச்சு. வாசலில் ஒருவர் தானே தைத்த கரையான் முகமூடியைப் போட்டுக்கொண்டு நின்றார். நெற்றி மீசையின் தையல்கூடப் பிசகவில்லை. கரையான் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

கடைசிப் போட்டி கரையானுக்கும் மொரிதாவுக்கும். மொரிதா அந்த ஊர்க்காரர். நாற்பதை நெருங்கும் வயசு, பெரிய உடம்பு, தலையைக் குனிந்தபடியே நடக்கிற ஆள். மூன்று ஆட்டத்தில் இரண்டு ஜெயித்தவர் வெற்றி.

"ஆன்ட்டி, மேட்டர் தெரியுமா? வரப்போற கெஸ்ட்டுக்கு மரியாதையா இருக்கணும்னு அந்த ஆளு ஒரு மாசமா ரைட் சைடே பழகறாராம். பதினஞ்சு வருஷப் பழக்கத்த மாத்தறது லேசா?" என்று அன்று காலையில் ஜமால்தான் எனக்குச் சொன்னான்.

ஆக, எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் கரையானின் வலது தோளைப் பார்த்தேன். விமானத்தில் கோணலாகத் தூங்கியதோ என்னவோ, கையைக் காதுக்கு மேலே தூக்கும்போது பிடித்துக்கொண்டது. "இன்னிக்கு வலது தோளைக் கொடுக்காதீங்க. மேலேருந்து குதிக்கிறப்ப இடது பக்கமா வாங்க" என்றேன்.

"அவன்கிட்ட சொல்லிடுவீங்கல்ல, செனோரா?"

"சொல்லிடறேன்."

சொல்லத்தான் போனேன். மொரிதாவின் அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே மேஜை மேல் ஒரு சின்ன போட்டோவை வைத்து, கை கூப்பி, கண் மூடி நின்றிருந்தார். செத்துப்போன அவருடைய குருவின் போட்டோ என்று பிறகு தெரிந்தது. சாமி கும்பிடுகிறவர் குறுக்கே போய்ப் பேசலாமா? நான் வளர்ந்த வளர்ப்பு என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டது. எலேனாவாக இருந்திருந்தால் தொண்டையைக் கனைத்திருப்பார். நான் செருப்புச் சத்தம்கூடக் கேட்கக் கூடாதென்று இரண்டடி பின்வாங்கினேன். சரி, முதலில் ரெஃப்ரியிடம் சொல்லிவிட்டு வருவோம் என்று திரும்பினேன். வழியில் எங்கள் பையன்களில் ஒருவர் கணுக்கால் பிசகி நொண்டிக்கொண்டு வந்தார். அவரை உட்காரவைத்து, ஐஸ் வைத்து, கட்டுப் போட்டு நிமிர்ந்தபோது கடைசிப் போட்டி தொடங்கி ஆளுக்கு ஓர் ஆட்டம் ஜெயித்திருந்தார்கள். நான் ரிங்சைடில் வந்து எலேனா பக்கத்தில் உட்கார்ந்தேன். மூன்றாவது ஆட்டம்.

கரையான் மூலைக் கம்பத்தின் மேல் ஏறினார். கைகளை விரித்தார். ஹால் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மொரிதா, பழகிய மாதிரியே, மெக்ஸிகோ முறைப்படி, வலது பக்கத்துக்கு நின்றிருந்தார். நான் எழுந்தேன். கத்தினேனா என்று எனக்கு நினைவில்லை. கரையான் இடது பக்கமாகத் திரும்பிக் குதித்தார். பிடிக்க வேண்டியவர் ஓரடி தள்ளி நின்றார். மொரிதா பாய்ந்தார், விரல் நுனி முழங்கையில் பட்டதோடு சரி. கரையான் தலைகீழாகப் பலகையில் விழுந்து, புரண்டு, மல்லாந்து கிடந்தார்.

எலேனா கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு நடந்தார். நானும் நடந்தேன். என் கால்கள் ஓடத் துடித்தன, நான் விடவில்லை.

"என்ன கலர் பூட்ஸ்?" என்றார் எலேனா, தலைமாட்டில் முழங்காலிட்டு, அவர் தலையை இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்திக்கொண்டு.

"பழுப்பு."

"எத்தனையாவது ஆட்டம்?"

"மூணு."

என் விரல்களை அவர் கைகளில் கொடுத்தேன். இடது கை அழுத்தியது. வலது கை சும்மா கிடந்தது.

அதற்குள் முகமூடியின் வாய்ப்பக்கம் சிவந்துகொண்டு வந்தது. உள்ளே பல் உடைந்து ரத்தம். மூச்சை இழுக்கும்போதெல்லாம் நனைந்த துணி வாய்க்குள் போய் அடைத்தது. முகமூடியை எடுத்தாக வேண்டும். கரையானுக்கும் அது புரிந்துவிட்டது. பேச வரவில்லை. இடது ஆள்காட்டி விரலை மட்டும் தூக்கி, வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினார். மூச்சுத் திணறிச் சாகப் போகிற மனுஷன், முகத்தைத் திறக்காதே என்கிறார்! எங்கள் வீரர்கள் சுற்றி நின்றார்கள். ஒருவர் கண்ணிலும் எடு என்ற வார்த்தை இல்லை, விடு என்ற வார்த்தையும் இல்லை.

எலேனாவால் தலையிலிருந்து கையை எடுக்க முடியாது. கழுத்தைப் பிடித்தவர் மருத்துவமனை வரை பிடித்தவர்தான். என்னைப் பார்த்தார்.

"வடிவு, கத்திரி. மூக்கு வரைக்கும் மட்டும்."

மொரிதா ரிங்குக்கு வரும்போது போட்டிருந்த நீளமான பட்டு அங்கியை எடுத்து வந்து விரித்து எங்களுக்கு மேலே மறைப்பாகப் பிடித்தார். பார்க்கக் கூடாதென்று தன் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டார். எங்கள் ரூடோக்கள் மறுமுனையைப் பிடித்தார்கள். அறிவிப்பாளர் மைக்கில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார், யாரும் பார்க்க வேண்டாம் என்றாராம். அங்கி அசைந்த இடைவெளியில் நான் பார்த்தேன். முன்வரிசையில் ஒரு பெண்மணி நிகழ்ச்சித் தாளால் தன் கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்திலிருந்தவர் தலையைக் குனிந்தார். அந்த வரிசை, அடுத்த வரிசை, அதற்கடுத்தது. போன்கள் எல்லாம் மடியில் கவிழ்ந்தன. ஹால் முழுக்கத் தலைகள் குனிந்திருந்தன. என்ன ஜனங்களப்பா அவர்கள்! கும்பிட வேண்டும்.

தாடையிலிருந்து மூக்கு வரை வெட்டினேன். எலேனா தலையை அசைத்து எண்ண, நாங்கள் நாலு பேர் உடம்பை ஒரே கட்டையாகப் பக்கவாட்டில் திருப்பினோம். துணியால் சுற்றிய விரலை விட்டு ரத்தத்தையும் பல் துண்டையும் வழித்து எடுத்தேன். ஒரு பெரிய மூச்சு உள்ளே போயிற்று. கண்ணுக்கு மேலே முகமூடி அப்படியே இருந்தது.

மறுநாள் காலையில் மருத்துவமனையில் சொன்னார்கள்: எலும்பு முறியவில்லை, தண்டுவடத்தில் அடி, வலது கை மெதுவாகத் திரும்பி வரும். எலேனா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் நெஞ்சில் கை வைத்தேன். ஆனால் பாரம் இறங்கவில்லை. ஹூஸ்டனிலிருந்து குழு முதலாளி போனில், "அந்த ஜப்பான்காரனுக்கு நிக்கத் தெரியல" என்று கத்திக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் எல்லாரும் கேட்டோம். நான் வாயைத் திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. லைசென்ஸ் போய்விடும் என்று பயந்தேன்.

வராந்தாவின் கோடியில் மொரிதா நின்றிருந்தார். விடியற்காலையிலிருந்து அப்படியே நிற்கிறாராம். நர்ஸ் நாற்காலி கொடுத்தும் உட்காரவில்லை. ஜமால் அவரிடம் பேசிவிட்டு என்னிடம் வந்தான்.

"ஆன்ட்டி, பாவம் அந்த ஆளு. ரிசைன் லெட்டர் எழுதி பாக்கெட்ல வெச்சிருக்காரு. மெக்ஸிகோ ஆட்டத்த தான் சரியா கத்துக்கலையாம், அதனாலதான் இவரு விழுந்துட்டாராம். இனிமே ரிங்ல ஏறவே மாட்டேங்கறாரு."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. நேரே எலேனாவிடம் போய், பக்கம் மாற்றச் சொன்னது நான், மொரிதாவிடம் சொல்லாமல் விட்டதும் நான் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"என்கிட்ட ஏன் சொல்றே? வெளியில ஒருத்தன் நிக்கிறான். உள்ள ஒருத்தன் படுத்திருக்கான். நின்னுக்கிட்டு இருக்கிறவன்கிட்ட முதல்ல போ."

போனேன். ஜமாலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தமிழில்தான் சொன்னேன். இங்கிலீஷில் சொன்னால் கம்யூனிகேஷன் கேப், மிஸ்அண்டர்ஸ்டாண்டிங் என்று எதையாவது போர்த்தி நான் தப்பித்துவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும்.

"அவர் தோள்ல வலின்னு இடது பக்கமா குதிக்கச் சொன்னது நானுங்க. உங்ககிட்டச் சொல்லறது என்ற வேலை. உங்க ரூம் வாசல் வரைக்கும் வந்தேன். சொல்லாமயே போயிட்டேன். தப்பு என்னுதுங்க. உங்களுது இல்லீங்க."

ஜமால் என்னைப் பார்த்தான். "ஆன்ட்டி, இத அப்படியே சொல்லணுமா? வேலைக்கு ஏதாவது ஆயிடப் போகுது."

"அப்படியே சொல்லு தம்பி. ஒரு வார்த்த கொறைக்காத."

அவன் சொன்னான். மொரிதா குனிந்த தலையை முதல் தடவையாக நிமிர்த்தினார். கோபப்படுவார் என்று நினைத்தேன். படட்டும், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தேன். அவர் ஏதோ ஒன்றை மெதுவாகக் கேட்டார். ஜமால் என் பக்கம் திரும்பினான்.

"அப்போ, தான் நின்ன இடம் சரிதானான்னு கேக்கறாரு ஆன்ட்டி."

"சரிதான்னு சொல்லு."

அவருக்கு அது போதவில்லை. வராந்தாவின் நடுவில் வந்து நின்றார். வலது காலை முன்னால் வைத்து, முழங்காலை மடக்கி, இரண்டு கைகளையும் மேலே விரித்து, வானத்திலிருந்து வரப்போகிற ஓர் ஆளை வாங்கிக்கொள்வதற்குத் தயாராக நின்று காட்டினார். இப்படியா என்று கண்ணால் கேட்டார். நான் சுற்றி வந்து பார்த்தேன். பாதம், இடுப்பு, தோள், எல்லாம் மெக்ஸிகோக்காரர்கள் நிற்கிற மாதிரி அச்சு அசலாக இருந்தது.

"அப்படியேதானுங்க. ஒரு அங்குலம் தப்பில்ல."

மொரிதா கைகளை இறக்கவில்லை. அப்படியே நின்றபடி அழுதார். சத்தமே இல்லை, அந்தப் பெரிய உடம்பு குலுங்கியது. நர்ஸ் தள்ளிக்கொண்டு வந்த வண்டியை நிறுத்திக் காத்திருந்தார். நானும் அழுதேன். அவர் ஆட்டத்தை நான் அவரிடமிருந்து பிடுங்கி வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பிறகு கரையானிடம் போனேன். கழுத்தில் பட்டை, முகத்தில் கண் வரைக்கும் இழுத்துப் போர்த்திய துண்டு. எனக்குத் தெரிந்த அரைகுறை ஸ்பானிஷில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதல் ஆட்டத்துலயே அவன் என் வலது கையைப் பிடிச்சான்" என்றார் கடைசியில். "அவன் அந்த நிமிஷம் மறந்துட்டான், நான் குதிக்கிறப்ப ஞாபகம் வந்துடும்னு நெனச்சேன், செனோரா. நீங்க மறந்திருப்பீங்கன்னு எனக்குத் தோணவே இல்ல."

அவர் திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை. இத்தனை வருஷ வேலையில் என்னை யாரும் அப்படி அடித்ததில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மொரிதாவைக் கூப்பிடச் சொன்னார். மொரிதா வந்து கட்டில் ஓரமாக நின்றார். கரையான் இடது கையைத் தூக்கி மூன்று விரலைக் காட்டினார். ஜமால் மொரிதாவுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "மூணாவது ஆட்டம் முடியலன்றாரு ஆன்ட்டி!" என்று எனக்குச் சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினான். மொரிதா பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அந்த லெட்டரை அவர் கொடுக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஊர் திரும்பியதும் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். லைசென்ஸ் தப்பியது. ஆனால் ரிங்சைடு பக்கம் தலை காட்டக் கூடாது என்று எலேனாவே கையெழுத்துப் போட்டார். நியாயமாக நடந்துகொள்ள அவரிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். கரையானின் வலது கைக்கு மட்டும் வாரம் மூன்று நாள் பயிற்சி கொடுத்தேன். வேறு யாரையாவது போடட்டுமா என்று எலேனா கேட்டதற்கு, செனோராதான் வேண்டும் என்று அவர் சொன்னாராம். முதல் மாதம் ஒரு ஸ்பூனைப் பிடிக்க முடியவில்லை. ஏழாவது மாதம் என் விரலை அவர் அழுத்தியபோது, "வலிக்குது, விடுங்க" என்று நான் கத்த வேண்டியிருந்தது.

ஒரு வருஷத்துக்குமேல் ஆன பிறகு மொரிதா ஹூஸ்டனுக்கு வந்தார். அந்த ஒரே ஓர் ஆட்டம், மூன்றாவது ஆட்டம், அதற்காக மட்டும். எலேனா ரிங்சைடில் இருந்தார். எனக்கு அங்கே இடமில்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு நானும் என் வீட்டுக்காரரும் ஒன்பதாவது வரிசையில் உட்கார்ந்தோம். எனக்கு முன்னால் ஒரு பாட்டி எழுந்து நின்று கரையானைச் சபித்துக்கொண்டிருந்தார். எல்லாம் நல்லபடியாகவே போயிற்று. கடைசியில் கரையான் மூலைக் கம்பத்தின் மேல் ஏறினார். கைகளை விரித்தார்.

என்னால் முடியவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். ஆர்ப்பரித்த கூட்டம் சட்டென்று அடங்கியது. என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் மணிக்கட்டில் அழுந்தியது. பலகையில் பொத்தென்று ஒரு சத்தம். அப்புறம் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு கூச்சல்.

"புடிச்சுட்டான்!" என்று என் வீட்டுக்காரர் என் காதில் கத்தினார். "கண்ணத் தொற வடிவு! புடிச்சுட்டான்!"